உனக்காக நான் விழுங்கிய மாத்திரை

கண்ணு,

நேற்று சாயங்காலம் நீ போனில் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் பொய். ஜெர்மனிக்குப் போவதற்கு முன் உன் கம்பெனி கேட்ட மருத்துவப் படிவத்தை நிரப்பிக்கொண்டே, "ம்மா, எனக்குச் சின்ன வயசுல ஹார்ட்ல ஏதாச்சும் பிரச்சினை இருந்துச்சா? இங்க ஒரு கேள்வி இருக்குது" என்று கேட்டாய். நான் யோசிக்கவே இல்லை. "ஒன்னுமில்ல கண்ணு, இல்லைன்னு போட்டுரு" என்று சொல்லிவிட்டு, குக்கர் விசில் அடிக்கிறது என்று போனை வைத்துவிட்டேன். குக்கர் அடுப்பிலேயே இல்லை. அந்தக் கேள்விக்கு "இல்லை" என்று சொல்லிச் சொல்லி என் நாக்கு பழகிவிட்டது. சொந்தக்காரர்களிடம், பக்கத்து வீட்டில், உன் பள்ளியில், ஒருமுறை என் மாமியாரிடமே கூடச் சொல்லியிருக்கிறேன். உன்னிடம் சொன்ன பிறகுதான் உறுத்தியது. படிவத்தை அனுப்பிவிடாதே. இதை முழுக்கப் படித்துவிட்டு எழுது.

நீ என் வயிற்றில் இருந்தது எண்பத்தெட்டாம் வருடம். நல்லூரில் அப்போது நாம் இருந்த வீட்டுக்கு இருபுறமும் பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷின்கள் ஓடும். உன் அப்பா அருள்புரம் பக்கம் ஒரு கம்பெனியில் மெஷின் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. டியூப்லைட்டுக்குக் கீழே மேஜை. வெள்ளைப் பனியன் ஒவ்வொன்றாக வரும். ஓட்டை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா, எண்ணெய்க் கறை பட்டிருக்கிறதா என்று இரண்டு பக்கமும் புரட்டிப் பார்க்க வேண்டும். ஒரே வெள்ளையில் பழுப்பேறிய வெள்ளை எது, நீலம் போட்ட வெள்ளை எது என்று தூரத்திலிருந்தே சொல்லுவேன். எதையும் ஏன், எப்படி என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். எங்கள் சூப்பர்வைசருக்கு அதுவே எரிச்சல். "அக்கா, பீஸைப் பாருங்க, ரீசனைப் பாக்காதீங்க" என்பான்.

எட்டாம் மாதம் மாதாந்திரப் பரிசோதனைக்குப் போனேன். நாங்கள் பார்த்துவந்த டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரி சின்னது. பத்துப் படுக்கை இருந்தால் அதிகம். சிஸ்டர் என் வயிற்றில் மரக்குழலை வைத்துக் காதை அழுத்திக் கேட்டார். வழக்கமாகக் கையிலிருக்கும் வாட்ச்சைப் பார்த்து உதடு அசைய எண்ணுவார். அன்றைக்கு உதடு அசையவில்லை. குழலை இடம் மாற்றி வைத்தார். மறுபடியும் மாற்றினார். பிறகு எழுந்துபோய் டாக்டரம்மாவைக் கூட்டிவந்தார். டாக்டரம்மாவும் கேட்டார். "குழந்தை நல்லா அசையுதாம்மா?" என்றார். "ரெண்டு நாளா கொஞ்சம் கம்மிதானுங்க. வேலை ஜாஸ்திங்க, நானே கவனிக்கலைன்னு நினைச்சேன்" என்றேன். "இதயத்துடிப்பு நிமிஷத்துக்கு நூத்தி இருபதுல இருந்து நூத்தி அறுபது வரைக்கும் இருக்கணும். உங்க குழந்தைக்கு எண்ணவே முடியலை. ஐஞ்சு செகண்டுக்கு எண்ணிப் பெருக்கிப் பாத்தா எரநூறுக்கு மேல போகுது" என்றார். நான் பயப்பட்டிருக்க வேண்டும். ஆனால் முதலில் வந்தது ஆச்சரியம்தான். உள்ளே இருக்கிற இத்தனூண்டு உயிர் எதற்காக இப்படி ஓடுகிறது? "நானும் கேக்கலாமுங்களா?" என்றேன். குழலை வைத்து என் காதால் என் வயிற்றைக் கேட்க முடியாது என்று அப்புறம்தான் உறைத்தது. டாக்டரம்மா சிரிக்கவில்லை. மேஜையில் விரலால் தட்டிக் காட்டினார். தட்டத் தட்ட அவர் விரலே களைத்துப்போனது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கோயமுத்தூர் போனோம். அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். சாம்பல் நிறத் திரையில் உன் இதயத்தைக் காட்டினார்கள். துடிப்பது போலவே தெரியவில்லை. நடுங்குவது போல இருந்தது. இதய டாக்டர் கோடுகளை அளந்து இருநூற்று நாற்பது என்றார். உன் வயிற்றுக்குள் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று தெரிந்தது. அது நீர். "இவ்வளவு வேகமா அடிச்சா இதயம் ரத்தத்தை ரொப்பிக்கறதுக்கே நேரம் இருக்காது. பாதி ரொம்பி, பாதி தள்ளும். இப்படியே விட்டா ஒடம்பு பூரா நீர் கோத்துக்கும்" என்றார். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. உன் அப்பா என் கையைப் பிடித்திருந்தார். அந்தப் பிடி இறுகியதில் மீதியை நான் புரிந்துகொண்டேன்.

ஏன் இப்படி ஆகிறது என்று கேட்டேன். நான் ஏதாவது தூக்கினேனா, டீ அதிகம் குடித்தேனா, நின்றுகொண்டே வேலை செய்தேனா என்றெல்லாம் கேட்டேன். அவர் ஒரு தாளை எடுத்துப் படம் போட்டார். இதயத்துக்குள் மின்சாரம் மேலிருந்து கீழே போக ஒரு வழி உண்டாம். சில குழந்தைகளுக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன வழி கூடுதலாக அமைந்துவிடுமாம். கீழே போன மின்சாரம் அந்தக் கள்ள வழியாக மேலே வந்து, மறுபடி கீழே போய், சுற்றிக்கொண்டே இருக்குமாம். "நீங்க ஒன்னும் பண்ணலைம்மா. பெரும்பாலும் பொறந்து ஒரு வருஷத்துல அந்த வழி தானா அடைஞ்சுக்கும். அதுவரைக்கும் குழந்தையைக் கொண்டுபோய்ச் சேக்கணும், அவ்வளவுதான்" என்றார்.

சேர்ப்பதற்கு இரண்டு வழிகள் இருந்தன. உடனே ஆபரேஷன் செய்து உன்னை வெளியே எடுத்து, உனக்கே நேரடியாக மருந்து கொடுப்பது ஒன்று. ஆனால் உன் நுரையீரல் பழுக்கவில்லை. இதயமும் களைத்திருக்கும் நேரத்தில் நீ தாங்குவது சந்தேகம் என்றார். இன்னொன்று, மருந்தை நான் சாப்பிடுவது. அது இதய நோயாளிகளுக்குக் கொடுக்கும் மாத்திரை. என் ரத்தத்தில் கலந்து, நஞ்சுக்கொடி வழியாக உனக்கு வந்து சேரும். நான் உடனே கேட்டேன். "ஏனுங்க டாக்டர், எனக்கு இதயம் நல்லாத்தானே இருக்குது. அந்த மாத்திரைக்கு எந்த இதயத்துக்குப் போவோணும்னு எப்படிங்க தெரியும்?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "தெரியாதும்மா. ரெண்டுக்கும்தான் போகும். உங்க இதயத்துக்கு அது தேவையே இல்லை, ஆனாலும் போகும். குழந்தைக்குப் போதுமான அளவு போகணும்னா உங்களுக்கு வழக்கத்தைவிடக் கூடுதலா குடுக்கணும். அதனாலதான் உங்களை இங்கேயே படுக்க வெச்சு, தினமும் உங்களுக்கு ஈசிஜி எடுக்கணும்ங்கறேன்" என்றார். இதுவரை எனக்குக் கிடைத்த பதில்களிலேயே நேர்மையானது அதுதான். அந்தப் பதிலால்தான் நான் சம்மதித்தேன். ஒரு ஆபத்துமில்லை என்று சொல்லியிருந்தால் எழுந்து வந்திருப்பேன்.

உன் அப்பாவுக்கு மனம் ஒப்பவில்லை. வராந்தாவில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏம்புள்ள, உனக்கு ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா நான் என்ன பண்றது? இன்னொரு குழந்தை பெத்துக்கலாம்" என்றார். அதற்காக அவர்மேல் கோபப்படாதே. உன்னை அவர் இன்னும் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்திருந்தார். மடத்துக்குளத்திலிருந்து என் அப்பா, உன் அப்புச்சி, வந்தார். அவர் என் தலைமாட்டில் உட்கார்ந்து, "நீ என்ன சாமி நினைக்கற?" என்று மட்டும் கேட்டார். அந்த ஆஸ்பத்திரியில் என்னிடம் அப்படிக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். "பாத்தரலாமுங்கப்பா" என்றேன்.

ஒவ்வொரு வேளையும் மாத்திரைக்கு முன்னால் சிஸ்டர் என் நாடியைப் பிடித்து எண்ணுவார். அறுபதுக்குக் கீழே போனால் மாத்திரை கிடையாது. அப்புறம் உன் துடிப்பைக் கேட்பார்கள். முதல் நாள், இரண்டாம் நாள், மூன்றாம் நாள் எந்த மாற்றமும் இல்லை. எனக்கு வாயெல்லாம் கசந்தது. நாலாம் நாள் காலை பத்தரை மணி இருக்கும். சிஸ்டர் குனிந்து கேட்டுக்கொண்டே இருந்தார். அவருடைய உதடு அசைய ஆரம்பித்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த உதட்டையே பார்த்தேன். ஒரு நிமிடம் முழுக்க எண்ணினார். "நூத்தி நாப்பத்தி நாலு" என்றார். கொஞ்சம் கொஞ்சமாகக் குறையவில்லை, கண்ணு. சுவிட்சைத் தட்டியதுபோல ஒரேயடியாக நின்று, சரியான வேகத்துக்கு வந்துவிட்டதாம். அந்தச் சுற்று எங்கேயோ அறுந்துவிட்டது. அது அறுந்த நொடியில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று இன்றைக்கும் யோசிப்பேன். இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேனோ, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேனோ. உனக்குள் அவ்வளவு பெரிய காரியம் நடந்திருக்கிறது, எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

பத்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். உன் வயிற்று நீர் வற்றிக்கொண்டு வந்தது. மாத்திரையை வேளை தவறாமல் சாப்பிட வேண்டும், குமட்டல் வந்தாலோ, கண்ணில் நிறம் மாறித் தெரிந்தாலோ உடனே வந்துவிட வேண்டும் என்று இதய டாக்டர் இரண்டு முறை சொன்னார். இனிமேல் நான் எழுதப்போவதில் ஒரு பகுதியை உன் அப்பாவிடம்கூட இதுவரை சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்து ஐந்தாம் நாள் கொடியில் உன் அப்பாவின் பனியன் காய்ந்துகொண்டிருந்தது. அது மஞ்சளாகத் தெரிந்தது. சரியாகத் துவைக்கவில்லை என்று எடுத்து மறுபடி துவைத்தேன். காய்ந்த பிறகும் மஞ்சள். பக்கத்து வீட்டுச் சுவர் மஞ்சள். சோறு மஞ்சள். வெள்ளையைப் பார்த்தே வேலை செய்தவளுக்கு அது போதும். பனியனில் கோளாறில்லை, என் கண்ணில்தான் என்று புரிந்துவிட்டது. டாக்டர் சொன்னது ஞாபகத்தில் இருந்தது. பஸ் ஏறியிருக்க வேண்டும். நான் போகவில்லை. போனால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே உன்னை வெளியே எடுத்துவிடுவார்கள் என்று ஒரு பயம். சாப்பிட்டுக்கொண்டே இருந்தால் நான் செத்துவிடுவேன் என்று அதைவிடப் பெரிய பயம். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு என் உயிர்மேல் ஆசை வந்துவிட்டது. யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினேன். உன் அப்பா தண்ணீரோடு கொண்டுவந்து தருவார். வாயில் போட்டுக்கொண்டு, அவர் திரும்பியதும் துப்பிவிடுவேன். நாலு நாள் அப்படிச் செய்தேன். வெள்ளை மறுபடி வெள்ளையானது. நான் தப்பித்துவிட்டேன் என்று சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஐந்தாம் நாள் கோயமுத்தூர் போகும் முறை. ஸ்கேன் திரையில் மறுபடி அந்த நடுக்கம். இருநூற்று முப்பது. இதய டாக்டர் நெற்றியைச் சுருக்கி, "மாத்திரை கரெக்டா சாப்பிடறீங்களா?" என்றார். "சாப்பிடறனுங்க" என்றேன். "குமட்டல், கண்ணுல ஏதாவது?" "இல்லீங்க." அவர் என் நாடியைப் பார்த்தார், பழைய தாள்களைப் புரட்டினார். "அப்ப இந்த அளவு பத்தலை. கூட்டித்தான் பாக்கணும்" என்று சொல்லிப் பேனாவை எடுத்தார். அந்தப் பேனா தாளில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பழைய அளவுக்கே என் கண் மஞ்சளானது. அவர் எழுதுவதோ அதைவிடக் கூடுதல். நான் சொன்ன பொய்யின் மேல் அவர் கணக்குப் போடுகிறார். அவர் எழுதியதைச் சாப்பிட்டால் எனக்கு ஆபத்து, சாப்பிடாவிட்டால் உனக்கு. இதில் டாக்டருடைய தவறு எங்கேயும் இல்லை.

"எழுதாதீங்க டாக்டர்" என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. உன் அப்பா திடுக்கிட்டுத் திரும்பினார். "நாலு நாளா நான் சாப்பிடவே இல்லீங்க. வெள்ளையெல்லாம் மஞ்சளாத் தெரிஞ்சுதுங்க. பயந்துக்கிட்டு துப்பிட்டனுங்க."

உன் அப்பா என்னைப் பார்த்த பார்வையை நான் எழுத விரும்பவில்லை. டாக்டர் எழுதிய தாளைக் கிழித்தார். திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "எந்த நாள்ல இருந்து மஞ்சளாத் தெரிஞ்சுது? முதல்ல எது மஞ்சளா இருந்துச்சு?" என்று கேட்டார். பனியன் என்றேன். செக்கிங் வேலையைப் பற்றிச் சொன்னேன். "நிறைய பேருக்கு இவ்வளவு சீக்கிரம் தெரியாது. உங்க கண்ணு நல்ல கண்ணு. அதை வந்து என்கிட்ட சொல்லியிருந்தா நான் அளவைக் குறைச்சு வேற வழி பாத்திருப்பேன். நீங்க சொல்லாத விஷயத்துக்கு என்னால வைத்தியம் பண்ண முடியாதும்மா" என்றார். அன்றைக்கே என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தப் பரிசோதனை செய்து, பழைய மாத்திரையைக் குறைத்து, கூடவே இன்னொரு மாத்திரையைச் சேர்த்தார்கள். மூன்று நாளில் உன் துடிப்பு அடங்கியது. உன் வயிற்றில் மறுபடி நீர் கோத்திருக்கவில்லை. நாலு நாளில் பிடித்துவிட்டதால்தான் என்றார்கள். பத்து நாள் ஆகியிருந்தால் என்று நான் கேட்டேன். சிஸ்டர் என் போர்வையை இழுத்துவிட்டார்.

பிரசவம்வரை அங்கேயே இருந்தேன். நாள் நெருங்கி வலி வந்து, ஒரு மத்தியானம் நீ பிறந்தாய். ஆபரேஷன் தேவைப்படவில்லை. நீ அழுத அழுகை வராந்தாவில் நின்ற அப்புச்சிக்கே கேட்டதாம். மூன்றாம் நாள் உனக்கு ஒருமுறை அந்த வேகம் திரும்ப வந்தது. அப்போது அவர்கள் செய்ததை நீ நம்பமாட்டாய். பனிக்கட்டி போட்ட ஒரு பையை உன் முகத்தில் சில நொடிகள் வைத்தார்கள். நீ திணறிக் கத்தினாய். துடிப்பு டக்கென்று சரியாகிவிட்டது. முகத்தில் குளிர் பட்டால் இதயம் நிதானிக்கும் என்று உடம்புக்குள்ளேயே ஒரு ஏற்பாடு இருக்கிறதாம். உன்னைத் தூக்கிக்கொண்டு அழுதுகொண்டே, "அது எப்படிங்க?" என்று கேட்டேன். அந்த நிலைமையிலும் கேட்டேன் என்று உன் அப்பா பல வருடம் கேலி செய்தார்.

ஒரு வருடம் உனக்குச் சொட்டு மருந்து கொடுத்தோம். கேட்டவர்களிடம் சத்து டானிக் என்றோம். பெண் குழந்தை, இதயத்தில் கோளாறு என்று பெயர் வந்துவிட்டால் நாளைக்குக் கல்யாணப் பேச்சில் அதுதான் முதலில் நிற்கும் என்று நானும் உன் அப்பாவும் பேசி வைத்துக்கொண்டோம். எண்பத்தொன்பது முடியும்போது மருந்தை நிறுத்தினார்கள். மறுபடி வரவே இல்லை. கள்ள வழி அடைந்துவிட்டது என்றார் டாக்டர். மற்றக் குழந்தைகளைப் போல ஓடலாம், ஆடலாம் என்று கைப்பட எழுதிக் கொடுத்தார். அந்தத் தாள் பீரோவில் இருக்கிறது. நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். உன் படிவத்தில் "ஆம், பிறப்பதற்கு முன்பும் முதல் வருடமும், பிறகு குணமாகிவிட்டது" என்று எழுது. அதனால் அவர்கள் ஏதாவது கேட்டால் கேட்கட்டும். நாளைக்கு நீ பிள்ளை பெறும்போது டாக்டரிடம் முதல் நாளே இதைச் சொல். குமட்டினால் குமட்டுகிறது என்று சொல், பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று சொல். கெட்டிக்காரி என்று பெயர் வாங்க அங்கே போகவேண்டியதில்லை.

இன்னொன்றும் பாக்கி இருக்கிறது. அதை எழுதத்தான் இரண்டு தாள் கிழித்தேன். தொண்ணூற்றெட்டில் நீ ஐந்தாம் வகுப்பு. இருநூறு மீட்டர் ஓட்டத்துக்கு உன்னைத் தேர்ந்தெடுத்து, போட்டிக்கு இரண்டு நாள் முன்பு விளையாட்டு டீச்சர் உன் பெயரை எடுத்துவிட்டார். மூன்று நாள் நீ சாப்பிடவில்லை. அந்த டீச்சருக்கு உன்னைப் பிடிக்காது, வேண்டியவர் பிள்ளைக்காக உன்னை நீக்கினார் என்று நீ இன்றைக்கும் சொல்கிறாய். கடைவீதியில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாய். கண்ணு, உன் பெயரை எடுக்கச் சொன்னவள் நான். டாக்டர் கைப்பட எழுதிய தாளை பீரோவில் வைத்துக்கொண்டே பள்ளிக்குப் போய், "அவளுக்கு மூச்சுத் தொந்தரவுங்க டீச்சர், ஓட விட்றாதீங்க. நான் சொன்னன்னு அவகிட்டச் சொல்லிராதீங்க" என்று கேட்டுக்கொண்டேன். எனக்குத் தைரியம் இல்லை. நீ வேகமாக மூச்சு வாங்கினாலே எனக்கு அந்த ஸ்கேன் திரைதான் ஞாபகம் வரும்.

இன்று காலை அந்த டீச்சர் வீட்டுக்குப் போனேன். ஓய்வு பெற்றுவிட்டார். நடந்ததையெல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் டீ போட்டுக் கொடுத்தார். "அவ என்னைப் பாத்து மூஞ்சியத் திருப்பறது எனக்குத் தெரியுமுங்க. சின்னப் புள்ள, பரவால்லீங்க" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆனா பயிற்சிக்கு அவ தினமும் ஓடுனா. மூச்சு ஒன்னும் வாங்கலையே, இந்தம்மா ஏன் இப்படிச் சொல்றாங்கன்னு எனக்கே சந்தேகந்தான். நல்லா ஓடுவாளுங்க. நீங்க ஒரு நாளாச்சும் வந்து பாத்திருக்கலாம்" என்றார்.

நான் பார்த்ததே இல்லை. நீ இப்போது தினமும் காலையில் ஓடுகிறாய் என்று எனக்குத் தெரியும். ஊருக்கு வந்தால்கூட விடிந்ததும் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறாய். நான் சமையலறையில் எதையாவது உருட்டிக்கொண்டு, நீ திரும்பி வரும்வரை வாசலைப் பார்க்காமல் இருப்பேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறாய் அல்லவா? முதலில் அந்த டீச்சர் வீட்டுக்குப் போய்விட்டு வா. என்மேல் கோபம் இருந்தால் அதையும் வந்து நேரிலேயே சொல். திங்கட்கிழமை காலை நீ ஓடப் போகும்போது என்னையும் எழுப்பு. மைதானத்தில் ஒரு ஓரமாக உட்கார்ந்து பார்க்கிறேன்.

அம்மா